30 மணி நேரமும் மூன்று இலையும்: இங்கிலாந்தில் சைல்ட்மைண்டர் என்ன செய்கிறார்?

இங்கிலாந்தில் இருக்கும் தமிழ்க் குடும்பங்களில், குழந்தைக்கு ஆறு மாதம் தாண்டியதுமே இரண்டு பேச்சு கட்டாயம் காதில் விழும். "வாரம் முப்பது மணி நேரம் கவர்ன்மென்ட்டே ஃப்ரீயா பாத்துக்கும்" என்பது ஒன்று. "சைல்ட்மைண்டரா? வீட்டுல சும்மா வெச்சுப் பாத்துக்கறவங்கதானே, நர்சரியிலயே போட்டுடு" என்பது இன்னொன்று. இரண்டையும் நல்ல மனசோடுதான் சொல்கிறார்கள். இரண்டுமே தப்பு. முதலாவதை நம்பியவர்கள் முதல் மாத பில்லைப் பார்த்து அதிர்ந்துபோகிறார்கள். இரண்டாவதை நம்பியவர்கள், தங்கள் வேலை நேரத்துக்குச் சரியாகப் பொருந்தியிருக்கும் ஓர் ஏற்பாட்டைக் கண்ணால்கூடப் பார்க்காமல் விட்டுவிடுகிறார்கள்.

என் இரண்டு பிள்ளைகளும் வடமேற்கு லண்டனில் ஒரு சைல்ட்மைண்டர் வீட்டில்தான் வளர்ந்தார்கள். சின்னவன் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த பிறகு அதே வீட்டில் இரண்டு ஆண்டு உதவியாளராக வேலை பார்த்தேன். அதனால் இந்த விஷயத்தைப் பில் வாங்கும் பக்கத்திலிருந்தும் பார்த்திருக்கிறேன், பில் போடும் பக்கத்திலிருந்தும் பார்த்திருக்கிறேன்.

இங்கே எழுதுவது இங்கிலாந்துக்கு மட்டும். ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்து மூன்றுக்கும் தனித்தனித் திட்டங்கள் உண்டு.

## முதலில் ஒரு மெஸ் கணக்கு

ஊரில் ஓர் அக்கா தன் வீட்டு ஹாலில் மெஸ் நடத்துகிறார் என்று வைத்துக்கொள்வோம். சாப்பாடு 70 ரூபாய். பக்கத்துக் கம்பெனி ஒன்று தன் ஆட்களுக்கு மதியச் சாப்பாட்டு டோக்கன் தருகிறது. டோக்கனை நீட்டினால் சாப்பிட்டவர் காசு தர வேண்டாம். பிறகு கம்பெனி ஒரு டோக்கனுக்கு 60 ரூபாய் வீதம் அக்காவுக்குக் கொடுத்துவிடும். துண்டு விழுகிற 10 ரூபாயைச் சாப்பிட்டவரிடம் வசூலிக்கக் கூடாது என்று ஒப்பந்தம். ஆம்லெட் வேண்டுமென்றால் தனிக் காசு. ஆனால் "ஆம்லெட் வாங்கினால்தான் டோக்கன் செல்லும்" என்று சொல்லக் கூடாது. ஞாயிற்றுக்கிழமைக்கு டோக்கன் கிடையாது. டோக்கனை ஏற்றே ஆக வேண்டும் என்று எந்த மெஸ்ஸுக்கும் கட்டாயமும் இல்லை.

கம்பெனி இங்கே உலை வைக்கவில்லை, இலை போடவில்லை. சாப்பாட்டுச் செலவில் ஒரு பங்கை, தானே குறித்த விலைக்கு ஏற்றுக்கொள்கிறது, அவ்வளவுதான். அரிசி விலை ஏறினாலும், கேஸ் தீர்ந்தாலும், ஒருநாள் ஆள் வராவிட்டாலும் அது அக்காவின் கவலை.

கம்பெனி இருக்கும் இடத்தில் அரசை வையுங்கள். டோக்கனுக்குப் பதில் குழந்தை பராமரிப்பு மணிநேரம். மெஸ் அக்காவுக்குப் பதில் சைல்ட்மைண்டர். பணம் மட்டும் அரசிடமிருந்து நேராக வராது, நடுவில் உள்ளூர் கவுன்சில் கை மாறி வரும். இந்தப் படத்தை மனசில் வைத்துக்கொண்டால் மீதியெல்லாம் சுலபம். கடைசியில் அந்த ஹாலில் எத்தனை இலை போடலாம் என்ற கேள்விக்கு மறுபடி வருவேன். உண்மையான சிக்கல் அங்கேதான் இருக்கிறது.

## சைல்ட்மைண்டர் யார், யார் இல்லை

எட்டு வயதுக்குட்பட்ட பிறர் குழந்தைகளை, ஊதியம் வாங்கிக்கொண்டு, ஒரு நாளில் இரண்டு மணி நேரத்துக்கு மேல், பெரும்பாலும் தன் சொந்த வீட்டிலேயே பார்த்துக்கொள்பவர் சைல்ட்மைண்டர். அவர் சுயதொழில் செய்பவர். அரசு ஊழியரும் இல்லை, பெற்றோரின் ஊழியரும் இல்லை. இந்த வேலையைப் பதிவு செய்யாமல் செய்வது சட்டப்படி குற்றம்.

நானி வேறு. நானி குழந்தையின் வீட்டுக்கு வந்து பார்த்துக்கொள்பவர், பெற்றோரே அவருக்குச் சம்பளம் தரும் முதலாளி. அரசு தரும் மணிநேரத்தை நானிக்குப் பயன்படுத்த முடியாது. பேபிசிட்டர் என்பவர் நீங்கள் ஒரு கல்யாண வரவேற்புக்குப் போய்வரும்வரை வீட்டில் உட்கார்ந்திருப்பவர். மூன்றையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவதில்தான் அந்த "சும்மா பாத்துக்கறவங்க" பேச்சு பிறக்கிறது.

பதிவு ஆஃப்ஸ்டெட்டிடம் நடக்கும். ஆஃப்ஸ்டெட் என்பது இங்கிலாந்தில் பள்ளிகளையும் குழந்தைப் பராமரிப்பு இடங்களையும் ஆய்வு செய்யும் அரசு அமைப்பு. சிலர் ஆஃப்ஸ்டெட்டுக்குப் பதில் ஒரு சைல்ட்மைண்டர் ஏஜென்சியில் பதிந்துகொள்வார்கள். அந்த ஏஜென்சியை ஆஃப்ஸ்டெட் ஆய்வு செய்யும். பதிவுக்கு முன் அந்த வீட்டில் வசிக்கும் 16 வயதுக்கு மேற்பட்ட எல்லோருக்கும் குற்றப் பின்னணிச் சோதனை உண்டு. கல்லூரிக்குப் போகும் மகன், மாடியில் தங்கியிருக்கும் மாமனார் எல்லோரும் இதில் அடக்கம். குழந்தைகளுக்கான முதலுதவிப் பயிற்சியை மூன்று ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். காப்பீடு வேண்டும். குழந்தைகளுக்குச் சமைத்துப் போடுவதால் அந்த அடுப்படி உணவுத் தொழில் நடக்கும் இடமாகவும் கவுன்சிலில் பதிவாகிவிடும்.

இதற்கெல்லாம் மேலே இ.ஒய்.எஃப்.எஸ். என்று ஒன்று இருக்கிறது. பிறந்தது முதல் ஐந்து வயது வரையிலான குழந்தைகள் எதைக் கற்க வேண்டும், எப்படிப் பாதுகாக்கப்பட வேண்டும் என்று அரசு வகுத்த சட்டகம் அது. நர்சரிக்கும் சைல்ட்மைண்டருக்கும் இரண்டுக்குமே இது பொருந்தும். 2024 ஜனவரியிலிருந்து சைல்ட்மைண்டர்களுக்கென்று தனிப் பதிப்பு வந்தது. ஆனால் குழந்தைக்குக் கிடைக்க வேண்டியது எதுவும் அதில் குறைக்கப்படவில்லை.

சுருக்கமாக: சைல்ட்மைண்டர் தன் வீட்டில் தொழில் நடத்துபவர், பதிவும் ஆய்வும் உள்ளவர், நர்சரிக்கு உள்ள அதே சட்டகத்துக்குக் கட்டுப்பட்டவர்.

## அந்த வீட்டுக்குள் என்ன நடக்கிறது

நான் வேலை பார்த்த வீடு ஒரு சாதாரண டெரஸ் வீடு, அதாவது வரிசையாக ஒட்டிக் கட்டிய வீடுகளில் ஒன்று. வாசலில் இடுப்பு உயரத்தில் ஆறு கோட் கொக்கி, ஒவ்வொன்றுக்கும் மேலே ஒரு குழந்தையின் படம். காலை ஏழரைக்கு முதல் குழந்தை வரும். அம்மா மருத்துவமனையில் நர்ஸ், எட்டு மணிக்கு வார்டில் நிற்க வேண்டும். எட்டரைக்குள் எல்லோரையும் இரட்டை பக்கியிலும் (குழந்தைத் தள்ளுவண்டி) கைபிடித்தும் கூட்டிக்கொண்டு பள்ளிக்கூடம்வரை ஒரு நடை, பெரிய பிள்ளைகளை விட. திரும்பி வரும்போது லாரி எண், நாய், குட்டை, தபால்காரர் எல்லாமே பாடம்.

துவைத்த துணி ஒரு கூடையில் வரும். இரண்டு வயதுக்காரர்கள் தரையில் உட்கார்ந்து சாக்ஸுக்கு ஜோடி தேடுவார்கள். "இதுக்கு அண்ணன் எங்கே?" என்று அந்த வீட்டுச் சைல்ட்மைண்டர் அக்கா கேட்பார். ஒரே நிறம், ஒரே அளவு என்று பிரித்துப் பார்ப்பது கணக்கு. "பெரிசு", "சின்னது", "இது என்னோடது இல்லே" என்பது மொழி. சாக்ஸை உருட்டி மடிப்பது விரலுக்கு வேலை. வெளியிலிருந்து பார்ப்பவருக்குத் துணி மடிப்பதுபோலத்தான் தெரியும்.

ஒரு பையனைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். இரண்டு வயதுக்கும் மூன்று வயதுக்கும் இடையில் ஒவ்வொரு குழந்தையின் வளர்ச்சியையும் பார்த்து, பெற்றோருக்கு எழுத்தில் ஒரு சுருக்கம் தர வேண்டும் என்பது இ.ஒய்.எஃப்.எஸ். விதி. அதற்காக அவனைக் கவனித்துக்கொண்டிருந்த அக்கா யாழ்ப்பாணத்துக்காரர். ஒருநாள் மெதுவாகச் சொன்னார்: "நான் பின்னாலை நிண்டு கூப்பிட்டாத் திரும்புதில்லை. முகத்தைக் கண்டாத்தான் சிரிக்குது." பேச்சு தாமதமாவதற்கு வீட்டில் இரண்டு மொழி பேசுவதுதான் காரணம் என்று அவன் பெற்றோர் நினைத்துக்கொண்டிருந்தார்கள். அக்கா தான் பார்த்ததைத் தேதி போட்டு எழுதிக் கொடுத்தார். பெற்றோர் அந்தத் தாளோடு, சின்னக் குழந்தைகளின் நலனைக் கவனிக்கும் நர்ஸான ஹெல்த் விசிட்டரிடம் போனார்கள். காதுக்குள் நீர் கோத்திருந்தது தெரிய வந்தது. சிகிச்சைக்குப் பிறகு பையன் இரண்டு மொழியிலும் வாய் ஓயாமல் பேசினான். ஒரே ஆள், ஒரே அறை, மூன்றே சின்னக் குழந்தைகள் என்பதால்தான் அது கண்ணில் பட்டது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

## யாருக்கு எத்தனை மணி நேரம்

"ஃப்ரீ அவர்ஸ்" என்று எல்லோரும் சொல்வதை இந்தக் கட்டுரையில் அரசு மணிநேரம் என்று எழுதுகிறேன். குழந்தைப் பராமரிப்பில் அரசு செலவை ஏற்கும் மணிநேரம் என்று அர்த்தம். இதில் மூன்று வகை உண்டு.

மூன்று, நான்கு வயதுக் குழந்தைகள் எல்லோருக்கும் வாரம் 15 மணி நேரம். பெற்றோர் வேலை பார்த்தாலும் பார்க்காவிட்டாலும், எந்த விசாவில் இருந்தாலும் உண்டு.

வருமானம் குறைந்த குடும்பங்கள், சில உதவித்தொகை பெறும் குடும்பங்கள் ஆகியவற்றின் இரண்டு வயதுக் குழந்தைகளுக்கு வாரம் 15 மணி நேரம்.

மூன்றாவது, வேலை பார்க்கும் பெற்றோருக்கானது. எல்லோரும் பேசுவது இதைத்தான். 2017 செப்டம்பரில் மூன்று, நான்கு வயதுக்காரர்களுக்கு 30 மணி நேரம் என்று தொடங்கியது. 2023 மார்ச் பட்ஜெட்டில் சின்னக் குழந்தைகளுக்கும் விரிவுபடுத்துவதாக அறிவித்தார்கள். 2024 ஏப்ரலில் இரண்டு வயதுக்காரர்களுக்கு 15 மணி நேரம், அதே ஆண்டு செப்டம்பரில் ஒன்பது மாதக் குழந்தைகளிலிருந்து 15 மணி நேரம், 2025 செப்டம்பரில் ஒன்பது மாதத்திலிருந்து பள்ளி சேரும்வரை 30 மணி நேரம் என்று படிப்படியாக வந்தது. இதற்குப் பெற்றோர் ஒவ்வொருவரும் வாரம் 16 மணி நேரக் குறைந்தபட்ச ஊதியத்துக்குச் சமமாகவாவது சம்பாதிக்க வேண்டும். இருவரில் ஒருவரின் ஆண்டு வருமானம் ஒரு லட்சம் பவுண்டைத் தாண்டினாலும் கிடைக்காது.

நம்மவர்கள் அதிகம் இடறி விழும் இடங்கள் இரண்டு. முதலாவது, மூன்று வயதானதும் 15-ஐயும் 30-ஐயும் கூட்டி 45 என்று கணக்குப் போடுவது. அந்த 30-க்குள்ளேயே எல்லோருக்கும் உள்ள 15 அடங்கிவிட்டது. இரண்டாவது விசா. ஐ.டி. வேலைக்கோ, பராமரிப்பு இல்ல வேலைக்கோ வந்தவர்களின் விசாவில் பெரும்பாலும் "பொது நிதியை நாடக் கூடாது" என்ற நிபந்தனை இருக்கும். பெற்றோரில் ஒருவருக்காவது பிரிட்டிஷ் அல்லது ஐரிஷ் குடியுரிமையோ, ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து வந்து வசிப்பவர்களுக்குத் தரும் செட்டில்டு, ப்ரீ-செட்டில்டு அந்தஸ்தோ, பொது நிதி பெறும் அனுமதியோ இருந்தால்தான் இந்த மூன்றாவது வகை கிடைக்கும். இருவருக்குமே இல்லையென்றால், வரி கட்டினாலும் 30 மணி நேரம் கிடையாது. முதல் வகையான 15 மணி நேரம் அவர்களுக்கும் உண்டு. அதையும் சேர்த்தே கிடையாது என்று நினைத்து விட்டுவிட்ட இரண்டு குடும்பங்களை எனக்கே தெரியும்.

## 30 என்பது எப்போது 22 ஆகிறது

அரசு மணிநேரம் பள்ளி நடக்கும் 38 வாரங்களுக்குக் கணக்கிடப்பட்டது. 30-ஐ 38-ஆல் பெருக்கினால் ஆண்டுக்கு 1,140 மணி நேரம். உங்கள் ஆபீஸ் கோடை விடுமுறை விடுவதில்லை. ஆகவே அதே 1,140 மணி நேரத்தை அதிக வாரங்களுக்குப் பரப்பிக்கொள்ளலாம். 52 வாரத்துக்குப் பரப்பினால் வாரத்துக்கு ஏறக்குறைய 22 மணி நேரம் வரும். 48 வாரத்துக்கு என்றால் 23.75. பல சைல்ட்மைண்டர்கள் ஆண்டு முழுவதும் இயங்குவதால் இப்படிப் பரப்பித்தான் தருவார்கள். குறைத்துக் கொடுக்கிறார்கள் என்று சண்டைக்குப் போக வேண்டாம். மொத்தம் மாறுவதில்லை.

ஒரு கற்பனை பில் போட்டுப் பார்ப்போம். குழந்தைக்கு வாரம் 40 மணி நேரம் வேண்டும். சைல்ட்மைண்டரின் கட்டணம் மணிக்கு 7 பவுண்ட். 48 வாரத்துக்குப் பரப்பியிருக்கிறார்கள். 23.75 மணி நேரம் அரசுடையது, மீதி 16.25 மணி நேரம் உங்களுடையது. 16.25-ஐ 7-ஆல் பெருக்கினால் 113.75 பவுண்ட். சாப்பாட்டுக்கு நாளுக்கு 5 பவுண்ட் என்றால் வாரம் 25. ஆக 138.75. அரசு உதவி இல்லாமல் இருந்தால் சாப்பாடு நீங்கலாகவே 280 ஆகியிருக்கும். பெரிய உதவிதான், சந்தேகமில்லை. ஆனால் பூஜ்யம் இல்லை.

இந்த பில்லில் மெஸ் விதி அப்படியே செல்லும். அரசு தரும் விலைக்கும் தன் கட்டணத்துக்கும் உள்ள வித்தியாசத்தை அரசு மணிநேரத்துக்குச் சைல்ட்மைண்டர் உங்களிடம் வாங்கக் கூடாது. கூடுதல் மணிநேரத்துக்கு வாங்கலாம். சாப்பாடு, டயப்பர், வெளியே கூட்டிப்போகும் செலவு போன்றவற்றுக்குக் கேட்கலாம். ஆனால் அதைக் கட்டினால்தான் இடம் என்று நிபந்தனை போடக் கூடாது. வீட்டிலிருந்து ரசம் சாதம் டப்பாவில் கொண்டுவருகிறேன் என்று நீங்கள் சொல்ல முடியும். எது எதற்கு எவ்வளவு என்று பில்லில் தனித்தனியாகக் காட்ட வேண்டும்.

சுருக்கமாக: அரசு கொடுப்பது ஆண்டுக்கு இத்தனை மணி நேரம் என்ற அளவு. நீங்கள் கட்டுவது அதற்கு வெளியே உள்ள நேரத்துக்கும், நீங்கள் ஒப்புக்கொண்ட கூடுதல்களுக்கும்.

## பணம் வரும் வழி

வேலை பார்க்கும் பெற்றோர் அரசு இணையதளத்தில் விண்ணப்பித்தால் 11 இலக்க எண் ஒன்று கிடைக்கும். அந்த எண்ணைச் சைல்ட்மைண்டரிடம் கொடுக்க வேண்டும். அவர் அது செல்லுமா என்று கவுன்சிலின் தளத்தில் சரிபார்ப்பார். நீங்கள் எந்த நாளில் எத்தனை மணி நேரம் என்று ஒரு படிவத்தில் கையெழுத்துப் போடுவீர்கள். மத்திய அரசு கவுன்சிலுக்குத் தரும் பணத்திலிருந்து கவுன்சில் அவருக்கு மணிக்கு இவ்வளவு என்று கொடுக்கும். இதற்கு அவர் முன்பே கவுன்சிலோடு ஒப்பந்தம் போட்டிருக்க வேண்டும். போடாத சைல்ட்மைண்டர்களும் இருக்கிறார்கள், அது அவர்கள் விருப்பம்.

தேதிகளில்தான் மோசம் போகிறார்கள். குழந்தைக்கு ஒன்பது மாதம் நிறைந்த அன்றே மணிநேரம் தொடங்காது. அதற்கு அடுத்த பருவத்தில், அதாவது ஜனவரி 1, ஏப்ரல் 1, செப்டம்பர் 1 இந்த மூன்றில் அடுத்து வரும் தேதியில் தொடங்கும். அந்தத் தேதிக்கு முந்தைய நாளுக்குள் 11 இலக்க எண் கையில் இருக்க வேண்டும். நான் வேலை பார்த்த வீட்டுக்கு வந்த ஒரு தாய், குழந்தைக்கு பிப்ரவரியிலேயே ஒன்பது மாதம் ஆகிவிட்டது, ஏப்ரல் 3-ஆம் தேதிதான் விண்ணப்பித்தார். மூன்றே நாள் தாமதம். அடுத்த தொடக்கம் செப்டம்பர். ஐந்து மாதம் முழுக் கட்டணம் கட்டினார். அக்கா தன் கட்டணத்தில் கொஞ்சம் குறைத்துக்கொண்டார், அதற்கு மேல் அவராலும் ஒன்றும் செய்ய முடியவில்லை. எண் கிடைத்த பிறகும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை விவரம் மாறவில்லை என்று மறுபடி உறுதிசெய்ய வேண்டும். கைப்பேசியில் அலாரம் வைத்துக்கொள்ளுங்கள்.

## மூன்று இலை

இப்போது மெஸ் ஹாலுக்குத் திரும்புவோம்.

சைல்ட்மைண்டர் தனியாக இருக்கும்போது எட்டு வயதுக்குட்பட்ட ஆறு குழந்தைகள்வரை பார்த்துக்கொள்ளலாம். அதில் ஐந்து வயதுக்குட்பட்ட சின்னவர்கள் மூன்று பேருக்கு மேல் இருக்கக் கூடாது, அந்த மூவரில் ஒரு வயதுக்குட்பட்ட கைக்குழந்தை ஒன்றுதான். உடன்பிறந்தவர்கள் போன்ற சில விதிவிலக்குகள் உண்டு. பகல் முழுவதும் அரசு மணிநேரம் பயன்படும் இடம் என்று பார்த்தால், அவரிடம் இருப்பது மூன்று இலைதான். அவருடைய சொந்தக் குழந்தை சின்னதாக இருந்தால் ஓர் இலை அதற்குப் போய்விடும்.

நர்சரியில் கணக்கு வேறு. இரண்டு வயதுக்குட்பட்டவர்கள் என்றால் ஒரு பணியாளருக்கு மூன்று குழந்தை. இரண்டு வயதில் ஐந்து. மூன்று வயதுக்கு மேல் எட்டு, தகுந்த பட்டம் பெற்ற ஆசிரியர் இருந்தால் 13. குழந்தை வளர வளர ஒருவர் பார்த்துக்கொள்ளும் எண்ணிக்கை கூடுகிறது.

அரசு தரும் விலையும் இதையொட்டியே அமைந்திருக்கிறது. 2025–26 நிதியாண்டில் மத்திய அரசு கவுன்சில்களுக்கு ஒரு மணி நேரத்துக்குத் தந்த சராசரி: இரண்டு வயதுக்குட்பட்டவர்களுக்கு 11.54 பவுண்ட், இரண்டு வயதுக்கு 8.53, மூன்று நான்கு வயதுக்கு 6.12. இதில் ஒரு சின்னப் பங்கைக் கவுன்சில் நிர்வாகச் செலவுக்கு எடுத்துக்கொண்டு மீதியைக் கொடுக்கும்.

மூன்று வயதுக் குழந்தைகளை வைத்துக் கணக்குப் போடுங்கள். நர்சரியில் ஒரு பணியாளர் எட்டுப் பேரைப் பார்த்தால் மணிக்கு 48.96 பவுண்ட் வரும். அதே வயதில் மூன்று பேரைப் பார்க்கும் சைல்ட்மைண்டருக்கு அதிகபட்சம் 18.36. அதிலிருந்துதான் சூடேற்றும் செலவு, காப்பீடு, பொம்மை, பயிற்சி, வரி எல்லாம் போக வேண்டும். அதுவும் மூன்று இலையும் எல்லா மணி நேரமும் நிறைந்திருந்தால். அதே ஆண்டில் 21 வயதுக்கு மேற்பட்டவருக்குக் குறைந்தபட்ச ஊதியமே மணிக்கு 12.21 பவுண்ட். இதுவே ஒன்றரை வயதுக் குழந்தைகள் மூவர் என்றால் 34.62 வருகிறது. அதே வீடு, அதே கை, அதே மூன்று பேர். குழந்தைக்கு மூன்று வயது ஆனதும் வருமானம் ஏறக்குறைய பாதியாகிவிடுகிறது, ஆனால் அவர் பார்த்துக்கொள்ளும் எண்ணிக்கை கூடுவதற்கு விதி இடம் தருவதில்லை. நர்சரியின் அளவெடுத்துத் தைத்த சட்டையை சைல்ட்மைண்டருக்கும் மாட்டிவிட்டிருக்கிறார்கள்.

"ஒன்றரை வயதுக்காரியை உடனே சேர்த்துக்கொண்டவர், மூன்று வயதுக்காரனுக்கு ஏன் யோசிக்கிறார்?" என்று பெற்றோர் குழம்புவதற்குப் பின்னால் பெரும்பாலும் இந்தக் கணக்குதான் இருக்கும். நாமாகவே கேட்டால் பலர் வெளிப்படையாகச் சொல்லிவிடுவார்கள். 2012-இல் இங்கிலாந்தில் 50,000-க்கும் மேற்பட்ட சைல்ட்மைண்டர்கள் இருந்தார்கள். 2024-இல் ஏறக்குறைய பாதிதான் மிச்சம். எழுத்து வேலை, வயது, கொரோனா என்று காரணங்கள் பல. ஆனால் இந்தக் கணக்கு நேரானால்தான் புதியவர்கள் வருவார்கள் என்பது என் எண்ணம்.

அப்படியானால் மூன்றை நான்காக்கிவிடலாமே என்பார்கள். எனக்கு அதில் சம்மதமில்லை. மழை நாளில் மூன்று சின்னக் குழந்தைகளோடு பெரிய சாலையைக் கடந்திருக்கிறேன். ஒருவர் பக்கியின் இடது பக்கம், ஒருவர் வலது பக்கம், ஒருவர் உள்ளே. நான்காவது கையைப் பிடிக்க என்னிடம் கை இல்லை. மாற்ற வேண்டியது விலையை.

2024 நவம்பரிலிருந்து ஒரே வீட்டில் நான்கு பேர்வரை சேர்ந்து வேலை பார்க்கலாம் என்றும், முன்பைவிட அதிக நேரம் சமூகக் கூடம் போன்ற வேறு இடத்தில் நடத்தலாம் என்றும் விதியைத் தளர்த்தியிருக்கிறார்கள். வீடு சிறியதாக உள்ளவர்களுக்கு இது நல்ல மாற்றம்.

## பாட்டி பார்த்துக்கொண்டால்?

இந்தக் கேள்வி கேட்காத தமிழ் வீடு கிடையாது. அம்மாவோ அத்தையோ சைல்ட்மைண்டராகப் பதிந்துகொண்டு, பேரப்பிள்ளைக்கு அரசு மணிநேரம் வாங்கலாமா?

முடியாது. குழந்தையின் பெற்றோர், தாத்தா பாட்டி, மாமா, அத்தை, சித்தி, சித்தப்பா, உடன்பிறந்தவர்கள் பார்த்துக்கொள்வது 2006-ஆம் ஆண்டுக் குழந்தைப் பராமரிப்புச் சட்டத்தின் கணக்கில் பராமரிப்புச் சேவையாகாது. திருமண வழி உறவுக்கும் இதே விதி. அவர் பதிவு பெற்ற சைல்ட்மைண்டராக இருந்து, பக்கத்து வீட்டுக் குழந்தைக்கு அரசு மணிநேரம் வாங்கிக்கொண்டிருந்தாலும், அதே அறையில் விளையாடும் தன் தங்கை மகளுக்கு வாங்க முடியாது. அந்தக் குழந்தை ஓர் இலையைப் பிடித்துக்கொள்ளும், பணம் வராது. இது பல வீடுகளில் மனக்கசப்பாகியிருக்கிறது. சித்தி நம்மிடமே முழுக் காசு கேட்கிறாரே என்று கோபிப்பதற்கு முன் சட்டம் அவருக்கு விட்டுவைத்திருக்கும் வழி என்ன என்று யோசிக்க வேண்டும்.

## நர்சரியா, சைல்ட்மைண்டரா?

இரண்டில் ஒன்றைத்தான் எடுக்க வேண்டும் என்றில்லை. அரசு மணிநேரத்தை இரண்டு இடத்துக்குப் பிரித்துக்கொள்ளலாம். மூன்று வயதுப் பிள்ளை காலையில் பள்ளியோடு ஒட்டிய நர்சரி வகுப்புக்குப் போய், மதியம் சைல்ட்மைண்டர் கூட்டிவந்து மாலைவரை பார்த்துக்கொள்வது இங்கே சர்வசாதாரணம். ஒரு நாளில் இரண்டு இடம்வரை, மொத்தம் பத்து மணி நேரம்வரை, காலை ஆறுக்கும் இரவு எட்டுக்கும் இடையில் என்பதுதான் வரம்பு. ஷிஃப்ட் வேலை பார்ப்பவர்களுக்கும், பள்ளிக்குப் போகும் மூத்த பிள்ளையையும் சேர்த்துக் கூட்டிவர ஆள் வேண்டியவர்களுக்கும் நான் முதலில் சைல்ட்மைண்டரைத்தான் சொல்வேன். அவர் நோயில் படுத்தால் மாற்று ஆள் இல்லை, விடுமுறை எடுத்தால் நீங்களும் எடுக்க வேண்டும். அதையும் முன்பே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

உங்கள் பகுதியில் யார் யார் இருக்கிறார்கள் என்ற பட்டியல் கவுன்சிலின் குடும்பத் தகவல் சேவையில் கிடைக்கும். பிடித்தவரின் ஆய்வு அறிக்கையை ஆஃப்ஸ்டெட் தளத்தில் படிக்கலாம். தொடர்பு கொள்ளும்போது வெறுமனே "இடம் இருக்கா?" என்று மட்டும் அனுப்பாதீர்கள். குழந்தையின் பிறந்த மாதம், எந்தெந்தக் கிழமை, எத்தனை மணிக்கு விட்டு எத்தனை மணிக்கு எடுப்பீர்கள், அரசு மணிநேரம் எந்தப் பருவத்திலிருந்து என்ற நான்கையும் முதல் செய்தியிலேயே எழுதிவிடுங்கள். மூன்று இலையை வைத்திருப்பவர் அதைப் பார்த்துத்தான் உங்களுக்கு ஆம், இல்லை சொல்ல முடியும்.